நாற்பத்து மூன்று கையெழுத்து

எனக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. சொன்ன கையோடு என்னை உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த மலாய்க்காரப் பெண் ஒரு தாளை நீட்டி, "புவான் பிரேமலா, உங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு கட்டாயம் வேண்டும், சும்மா உட்காரக் கூடாது" என்று அவள் மொழியில், மரியாதைக்குப் 'புவான்' போட்டுச் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்! தம்போயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் சூப்பர்வைசராக நின்றவள் நான். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அடுத்தவர்களையும் உட்கார விட்டதில்லை.

தாளில் இருந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். முதலில் வண்ணம் தீட்டும் புத்தகம். மயிலுக்குப் பச்சை பூசப் போய், பக்கத்தில் நின்ற மானுக்கும் தோகை முளைத்துவிட்டது. அடுத்தது ஐந்நூறு துண்டுகளைச் சேர்த்துப் புலிப் படமாக்கும் ஜிக்சா. என் வீட்டுக்காரர் சுகுமாறன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், உதவி செய்கிறேன் பேர்வழி என்று பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு துண்டு அவர் கைலி மடிப்பில் விழுந்து துணி துவைக்கும் மெஷினுக்குள் போய்விட்டது. அந்தப் புலி இன்றைக்கும் ஒற்றைக் கண்ணோடுதான் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. ஆர்க்கிட் செடிகள் மட்டும் உருப்பட்டன. தண்ணீர் தெளிக்கும் புட்டியை நான் பிடித்தால் போதும், மிச்சத்தை நடுக்கம் பார்த்துக்கொள்ளும்.

கையை விடுங்கள், அதோடு குடும்பம் நடத்தப் பழகிவிட்டேன். காலைத்தான் சொல்ல வேண்டும். போன வருடத்திலிருந்து, நன்றாக நடந்து வருவேன், ஒரு வாசற்படியோ கதவோ எதிரே வந்தால் போதும், இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனம் போ என்கிறது, கால் கேட்பதில்லை. மளிகைக் கடை வாசலில் ஒரு நாள் ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். எனக்குப் பின்னால் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவர், அவருக்குப் பின்னால் நாலு பேர்.

"அலமாக்! ஆன்டி, உள்ள போறீங்களா, வெளிய வரீங்களா?" என்றார் மூட்டைக்காரர்.

எனக்கே தெரிந்தால் சொல்ல மாட்டேனா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். அதற்குப் பிறகு வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன்.

போன பங்குனியில், குளுவாங்கில் இருக்கும் என் நாத்தனார், கோயில் திருவிழாவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். போனோம். நினைத்தபடியே கோயில் வாசலில் கால் நின்றுவிட்டது. கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. சுகுமாறன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரமில்ல, சாமி எங்கயும் போயிடாது" என்றார். அப்போதுதான் பின்னால் உருமி மேளம் கிளம்பியது. முதலில் உருமியின் ஓர் உறுமல். அதன் மேல் தவில்கள் வந்து சேர்ந்தன. என் வலது கால் எழுந்தது. சத்தியமாக நான் எழுப்பவில்லை. அடுத்து இடது கால். வாசற்படியைத் தாண்டி, கொடிமரத்தைத் தாண்டி, கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன்.

"அடியே, என்னை விட்டுட்டு எங்கடி ஓடற?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார் அவர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரப்பா இவ்வளவு அழகாக அடிப்பது என்று திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் நின்று உருமி அடித்தவள் சாந்தினி.

சாந்தினி எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருப்பவள். சிங்கப்பூரில் வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வருவாள். நான்கு வருடத்துக்கு முன்பு அவளும் இன்னும் எட்டுப் பெண்களும் உருமி மேளக் குழு ஆரம்பித்து, ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் பயிற்சி செய்தார்கள். மண்டபம் என் வீட்டுக்கு நேர் எதிரில். அப்போது எனக்கு நோயும் இல்லை, பொறுமையும் இல்லை. பொறுமை இப்போதும் இல்லை, அது வேறு விஷயம். 'பெண்பிள்ளைகள் தெரு அதிர மேளம் அடிப்பது குடியிருப்பாளர்களின் நிம்மதியைக் கெடுக்கிறது' என்று குடியிருப்பாளர் சங்கத்துக்கு மனு எழுதினேன். வீடு வீடாக ஏறி, ஒரே சாயங்காலத்தில் நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கிவிட்டேன். மறு வாரமே மண்டபம் பூட்டப்பட்டது. அதிலிருந்து சாந்தினி என்னை வழியில் பார்த்தால் "வணக்கம் ஆன்டி" என்பாள். அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

குளுவாங்கில் நடந்ததைப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். இந்த நோய்க்காரர்களுக்குத் தாளம் கேட்டால் கால் எழும்புவது உண்டு என்று சொல்லி, கைப்பேசியில் தாளம் போடும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். அது பல்லி கத்துகிற மாதிரி டிக் டிக் என்றது. என் கால் அதை மதிக்கவே இல்லை. சரியென்று கைப்பேசியிலேயே உருமி மேளத்தைப் போட்டுக்கொண்டு நடந்தேன். கொஞ்சம் வேலை செய்தது. நடுரோட்டில் ஷாம்பு விளம்பரம் வந்துவிட்டது. கார்க்காரன் ஹார்ன் அடித்த தாளத்தில்தான் கரை சேர்ந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நடை மட்டும் வேண்டியிருக்கவில்லை. நானும் அவர்களோடு நின்று தாளம் தட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், இந்தக் கையை வைத்துக்கொண்டு! தாளில் இருந்த எந்தப் பொழுதுபோக்கின் மேலும் எனக்கு இப்படி ஆசை வந்ததில்லை.

"ஆசை இருந்தா போய்க் கேளு" என்றார் சுகுமாறன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய்க் கேக்குறது?"

"இருக்கிறது ஒரு மூஞ்சிதான். அதையே எடுத்துட்டுப் போ."

போனேன். சாந்தினி வீட்டு கேட்டுக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, ஓடிவிடலாம் என்றால் திரும்பவும் முடியவில்லை. அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்ன ஆன்டி, இன்னொரு மனுவா? நாங்கதான் இப்ப இங்க அடிக்கிறதே இல்லையே."

"மனு இல்லமா. கால் மாட்டிக்கிச்சு."

குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு கேட்டின் இரும்பில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். கால் எழுந்தது, உள்ளே போய்விட்டேன்.

"குளுவாங்ல பாத்தேன் ஆன்டி. அங்கிள விட்டுட்டு ஓடுனீங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன். "உங்க குழுவுல எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

"குழுவே இருக்குமான்னு தெரியல. இவ்வளவு நாளா ஒரு லாரி பட்டறை பின்னால பழகிட்டு இருந்தோம். அடுத்த மாசம் அதை இடிக்கிறாங்க. வேற இடமும் கிடைக்கல, ரெண்டு பேரு நின்னுட்டாங்க. நம்ம மண்டபத்தக் கேட்டுப் பாத்தேன். செயலாளர் அய்யாவு அங்கிள் உங்க மனுவ எடுத்துக் காட்டுறாரு. நாப்பத்து மூணு பேரு வேணாம்னு எழுதியிருக்காங்க, அதே நாப்பத்து மூணு பேரும் சரின்னு எழுதிக் குடுத்தா திறந்துவிடறேன்னு சொல்றாரு."

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மன்னிச்சிடுமா" என்றேன். வீட்டில்கூட வருடத்துக்கு ஒரு தடவைதான் அந்த வார்த்தை என் வாயில் வரும். "போய் ஒரு பேனா எடுத்துட்டு வா. நான் கெடுத்தத நானே சரி பண்றேன்."

அன்றைக்கு ஒரு சாயங்காலத்தில் வாங்கியதைத் திருப்பி வாங்க மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு கேட்டிலும் என் கால் நிற்கும். சாந்தினி பிஸ்கட் டின் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து தட்டுவாள். நான் உள்ளே போவேன். எங்களைப் பார்த்து நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திக்கொண்டன.

முதலில் உணவுக் கடை வைத்திருக்கும் ஹபீபா வீடு. விஷயத்தைச் சொன்னதும் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு அந்த மேளம் ரொம்பப் பிடிக்கும்லா. ஞாயித்துக்கிழமை அதைக் கேட்டுக்கிட்டேதான் வெங்காயம் உரிப்பேன்."

"அப்புறம் எதுக்கு அன்னைக்கு எதிர்த்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

"நல்லா கேட்டீங்க! நீங்க வாசல்ல வந்து இடுப்புல கை வச்சிக்கிட்டு நின்னீங்களே. போடாம உங்களத் திருப்பி அனுப்ப முடியுமா?"

பத்து வீடு முடிவதற்குள் ஏழு பேர் இதையே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சுகுமாறனிடம் பொருமினேன். அவர் மெதுவாக, "நானும் பயந்துதான் போட்டேன்" என்றார். ஆக, அந்த மனுவில் மேளத்தைப் பிடிக்காதவள் நான் ஒருத்திதான். மிச்சம் பேருக்கு என்னைத்தான் பிடிக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் கிளம்பிவிட்டேன். ஒரு குடும்பம் தங்காக்குக்குக் குடிபோய்த் துணிக்கடை வைத்திருந்தது. அங்கேயும் காரில் போய், ஒரு கையெழுத்தும் இரண்டு சேலையும் வாங்கி வந்தோம்.

கடைசியில் அய்யாவு அண்ணன் வீட்டு மேசை முன்னால் உட்கார்ந்தோம். அவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பார். பழைய மனுவையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக டிக் போட்டுக்கொண்டே வந்தார். பழைய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அதைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

"தங்கச்சி, எல்லாம் சரியா இருக்கு. உன்னோடதுதான் ஒத்துப் போகல."

எட்டிப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முந்தைய பிரேமலா, வரி முழுக்க ஓடி, கடைசியில் அடிக்கோடும் இழுத்திருந்தாள். இப்போதைய பிரேமலா சின்னதாய் ஆரம்பித்து, போகப் போகச் சுருங்கி, முடிவில் எறும்பாகிவிட்டிருந்தாள். இந்த நோயில் எழுத்து சிறுத்துப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், எனக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு தடவை போட்டேன். இன்னும் சிறியதாக வந்தது.

"எனக்கு உன்னத் தெரியாதா தங்கச்சி?" என்றார் அவர் சங்கடத்தோடு. "ஆனா நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் பதில் சொல்லணுமே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும்தான் குரலும் வந்தது.

"அண்ணே, அந்தக் கையெழுத்தப் போட்டவ ஒரே சாயங்காலத்துல வீடு வீடா ஏறி இறங்கி நாப்பத்து மூணு கையெழுத்து வாங்கினவ. அவ போயிட்டா. நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன், அவ திரும்பி வரமாட்டேங்கறா. இப்ப உங்க முன்னால உக்காந்திருக்கிறவளுக்கு இந்தக் கைதான் இருக்கு. இவளுக்கு உருமி வேணும்."

சாந்தினி மேசை விளிம்பில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். மெதுவான நான்கு தட்டு. நான் மறுபடியும் பேனாவை எடுத்தேன். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. பி. ரே. ம. லா. கோணல்மாணலாக, ஆனால் பெரிதாக விழுந்தது.

அய்யாவு அண்ணன் அதை உற்றுப் பார்த்தார். "இதுவும் ஒத்துப் போகல" என்றார். பிறகு பழைய மனுவில் என் பெயருக்குப் பக்கத்தில், 'இவர் கையெழுத்தை மாற்றிக்கொண்டார், என் முன்னிலையில்' என்று எழுதி, தேதி போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். "பேங்க்ல எல்லாரும் மாத்திக்கிறாங்க. நீ மாத்தக் கூடாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி மண்டபத்துச் சாவியை எடுத்து சாந்தினியிடம் கொடுத்தார்.

"அன்னைக்கு நானும் கையெழுத்துப் போட்டவன்தான், பதினேழாவது" என்றார் என்னிடம்.

"நீங்க ஏன்ணே போட்டீங்க?"

"அட, உனக்குப் பயந்துதான்."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் தெருவைத் தாண்டிப் போனேன். மண்டபத்து வாசற்படியில் வழக்கம்போல் கால் நின்றது. நான் பதறவில்லை. உள்ளே உருமி ஒரு தடவை உறுமியது. நான் உள்ளே போய், எனக்கென்று வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சாந்தினி ஒரு ஜோடித் தாளத்தை என் கையில் கொடுத்தாள். சும்மா இருந்தால்தான் ஆடும் கை, வேலை கிடைத்ததும் பாதி அடங்கிவிட்டது. அடங்காத பாதி நடுநடுவே இரண்டு தட்டு கூடுதலாகப் போட்டது. மேளம் அதையும் சேர்த்துக்கொண்டு ஓடியது.

அரை மணி நேரம் கழித்து எதிர்வீட்டு வாசலில், அதாவது என் வீட்டு வாசலில், சுகுமாறன் காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"பிரேமலா! சத்தம் தாங்கலடி!"

"அப்படியா?" என்று நானும் கத்தினேன். "முடிஞ்சா நாப்பத்து மூணு கையெழுத்து வாங்கிட்டு வாங்க!"