இரண்டாவது கரண்டி

உரக்குழி நாறத் தொடங்கிய பத்தாம் நாள் புவனேஸ்வரி டீச்சர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு நிமிஷம் பேசலாமா?"

அம்சவள்ளி பெரிய வாணலியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க டீச்சர்" என்றாள், திரும்பாமல்.

"குழியில சோறு ரொம்ப வந்துடுது. காய்த்தோலு, கீரைத்தண்டு எவ்வளவு போட்டாலும் மண்ணாயிடும். வெந்த சோறு இவ்வளவு விழுந்தா புளிச்சுப் போயி ஈ மொய்க்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா மூடிடுங்கன்னு ஹெச்.எம். சொல்லிட்டார். பிள்ளைங்க ஏன் இவ்வளவு கொட்டுதுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"எனக்கென்ன டீச்சர் தெரியும். நான் ஆக்கிப் போடுறேன். திங்கிறதும் கொட்டுறதும் அதுங்க பாடு."

டீச்சர் வகுப்புக்குத் திரும்பிப் போனார். அவர் கேட்டதில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை என்பது அம்சவள்ளிக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் காது சுட்டது. வெங்காயம் ஒரு பக்கம் கருகிவிட்டது.

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் அவள் சமையல்காரியாகச் சேர்ந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. போன மாதம் வரைக்கும் பிள்ளைகள் மிச்சம் வைத்ததெல்லாம் குழாயடிக்குப் பின்னால் இருந்த மூடி போட்ட டிரம்மில் விழும். சாயந்திரம் சமையல் உதவியாளர் குஞ்சம்மாள் அதைத் தன் மாட்டுக்குக் கொண்டுபோவாள். அம்சவள்ளி ஒருநாளும் அந்த மூடியைத் திறந்து பார்த்ததில்லை. தட்டு கழுவும் பக்கம் பார்க்காமல் இருக்கும்படியே அவள் தன் மதிய வேளைகளை அமைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் குழி வெட்டிய பிறகு டிரம் போய்விட்டது. அகலமான நீல வாளி ஒன்று வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தது. சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. எந்தப் பிள்ளை வந்து எவ்வளவு கவிழ்க்கிறது என்பது இனி யாருக்கும் மறைவு இல்லை. நேற்று ஆர்த்தி தட்டில் பாதியைக் கொட்டியதை அவள் பார்த்தாள். ஏழாம் வகுப்பு ஆர்த்தி. ஊர்த்தெரு வேல்முருகன் மகள்.

அந்தப் பெயர் இல்லாவிட்டால் அவள் அதை மறந்திருப்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த மாதம், காலனிப் பெண் ஆக்கிய சோற்றைத் தங்கள் பிள்ளைகள் தின்னக் கூடாது என்று ஊர்த்தெரு வீடுகளில் முடிவெடுத்தார்கள். பள்ளிக்கூடக் கேட்டில் நின்று அதை வாய்விட்டுச் சொன்னவன் வேல்முருகன். முப்பது நாள் பாதித் தட்டுகள் எடுக்கப்படாமலே அடுக்கில் இருந்தன. அதிகாரிகள் வந்தார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வரிசைக்கு வந்தது. யாரும் வருத்தம் சொல்லவில்லை, யாரும் அதைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை. பேசாமல் விட்டதாலேயே அது முடிந்துவிட்டதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு முடியவில்லை. அன்றிலிருந்து அவள் எந்தப் பிள்ளையிடமும் "போதுமா?" என்று கேட்டதில்லை. கேட்டால் "வேணாம்" என்று ஒரு சொல் வரும். வயிறு நிறைந்ததால் வரும் வேணாமா, அந்த முப்பது நாள் வேணாமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதனால் தலை நிமிராமல் போட்டாள். வேகமாகப் போட்டாள். நல்ல சமையல்காரி என்று பெயர் வாங்கினாள்.

இப்போது அந்த வாளி தினமும் நிறைந்தது. அதில் இருப்பது தன் கைப்பக்குவத்தின் குறையா, தன் கையே குறையா என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு நாளும் அடுப்பு மூட்ட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள், மணி அடித்ததும் கரண்டியைக் குஞ்சம்மாளிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க போடுங்கக்கா."

"ஏன்டி, கை வலியா?"

"ஆமா."

"கை வலின்னா வூட்ல படுக்கணும். நீ எங்க போற? வாளிகிட்டயா?" குஞ்சம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அதுக்கு எதுக்குடி காவலு? அதுல இருக்கிறத எவன் திருடப்போறான்? திருடுற ஒரே ஆளு என் மாடு. அது வயித்துலயும் உங்க டீச்சரு மண்ணப் போட்டுட்டாங்க."

அம்சவள்ளி வேப்பமரத்தடியில் போய், தட்டு அடுக்குவதுபோல நின்றுகொண்டாள்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. கறிவேப்பிலை விழுந்தது. ஒரு பையன் மிளகாயை மட்டும் பொறுக்கி வைத்திருந்தான். ஊர்த்தெருப் பிள்ளைகள் கூட்டமாக வந்தபோது அவள் அடுக்குவதை விட்டுவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டும் வழித்துத் தின்ற தட்டு. ஆர்த்தி தட்டில் ஒரு பருக்கை இல்லை.

வாளியின் அடி தெரிந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் மனம் நேராக ஒரே இடத்துக்குத்தான் போனது. குஞ்சம்மாள் ஊர்த்தெருக்காரி. ஆக்கியது நான்தான், உப்புப் பார்த்ததும் நான்தான், ஆனால் இன்று கரண்டி பிடித்த கை வேறு. அப்படியானால் பதினோரு வருடமும் இதுதான். வாங்கியிருக்கிறார்கள், தின்னவில்லை.

"ஆர்த்தி, இங்க வா" என்று கூப்பிட்டாள். குரல் தான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

ஆர்த்தி ஈரத் தட்டோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் மஞ்சுவும் வந்து நின்றாள். மஞ்சு காலனித்தெரு, அம்சவள்ளி வீட்டுக்கு மூன்றாவது வீடு. உறவு முறையில் பெரியம்மா என்றே கூப்பிடுவாள்.

"முந்தாநாளு பாதிச் சோத்தக் கொட்டுன. இன்னைக்கு வழிச்சுத் தின்னுருக்க. என்ன வித்தியாசம்?"

ஆர்த்தி விழித்தாள். "ஒண்ணுமில்லக்கா."

"பயப்படாம சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இன்னைக்கு ஒரு கரண்டிதான்க்கா போட்டாங்க."

"நான் எத்தன போடுவேன்?"

"ரெண்டு."

"எல்லாருக்கும் ஒண்ணுதானடி போடுறேன்."

மஞ்சு சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா? அவளுக்கு ரெண்டு. அவங்க தெருப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் ரெண்டு, அதுவும் குமிச்சுத் தலகட்டி. எங்களுக்குத்தான் ஒண்ணு. பேருக்குத்தான் நீ எனக்குப் பெரியம்மா."

"சும்மா இருடி" என்றாள் ஆர்த்தி.

"நெசத்ததான சொல்றேன். நீ கொட்டுறதப் பாத்துக்கிட்டே நான் தண்ணியக் குடிச்சிட்டுப் போறேன். எத்தன நாளு?"

அம்சவள்ளி மஞ்சுவைப் பார்த்தாள். பிறகு ஆர்த்தியைப் பார்த்து, "நெறைய இருந்தா வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?" என்றாள்.

ஆர்த்தி தட்டின் விளிம்பைத் தடவினாள். "வேணாம்னு சொன்னா நீங்க வேற மாதிரி நெனச்சுக்குவீங்கன்னு அம்மா சொல்லிருக்கு. போட்டத வாங்கிக்க, வாயத் தொறக்காதன்னுச்சு. நீங்களும் நிமிந்தே பாக்க மாட்டீங்கக்கா. எப்படிச் சொல்றது?"

பிள்ளைகள் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். இரண்டு கரண்டி. அவளுக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. அவள் கைக்குத் தெரிந்திருந்தது. வரிசையில் அந்தத் தெரு முகம் வந்ததும் கை தானாக இன்னொரு முறை அண்டாவுக்குள் போயிருக்கிறது. எடுத்துக்கொள், என்னை வேண்டாம் என்று சொல்லிவிடாதே என்று சோற்றால் கெஞ்சியிருக்கிறது. தன் தெருப் பிள்ளைகள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று ஒரு கரண்டியோடு நிறுத்தியிருக்கிறது. ஆர்த்தியின் அம்மாவும் தன் வீட்டில் உட்கார்ந்து இதே பயத்தைத்தான் மகளுக்கு ஊட்டியிருக்கிறாள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நோகடித்துவிடக் கூடாது என்று பயந்த பயம் அந்தக் குழியில் கிடந்து நாறியிருக்கிறது.

பாத்திரம் கழுவும்போது குஞ்சம்மாளிடம் கேட்டாள். "நான் ரெண்டு கரண்டி போடுறது உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"கண்ணு அவிஞ்சா போச்சு? தெரியும்."

"ஏன் சொல்லல?"

குஞ்சம்மாள் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் சொன்னா, ஊர்த்தெருக்காரி கணக்கு பாக்குறான்னு நெனப்ப. என் மாட்டுக்கும் சோறு வந்துச்சு. வாய மூடிக்கிட்டேன்."

அம்சவள்ளிக்குக் கோபம் வரவில்லை. அந்த இரண்டாவது காரணத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் வந்திருக்கும்.

சாயந்திரம் டீச்சரைத் தேடிக் குழியடிக்குப் போனாள். டீச்சர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு கம்பால் கிளறிக்கொண்டிருந்தார். சோறு கட்டி கட்டியாக, பச்சை பூத்துக் கிடந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. தான் ஆக்கிய சோற்றை அவள் முதல் முறையாக அப்படி நின்று பார்த்தாள்.

"ஈரம் ஜாஸ்தி டீச்சர். தோப்புல முந்திரிச் சருகக் கூட்டிக் குமிச்சு வச்சிருக்காங்க, கொளுத்தப் போறாங்க. அத அள்ளியாந்து நல்லா மிதிச்சு ஒடச்சு, ஒரு தட்டு சோத்துக்கு ரெண்டு தட்டு சருகு போடுங்க. தண்ணிய இழுத்துக்கும்."

"போடலாம்க்கா. ஆனா சோறு இப்படியே வந்துக்கிட்டிருந்தா?"

"நாளையிலேருந்து கொறையும்."

"எப்படி?"

"கொறையும் டீச்சர்" என்றாள். அதற்கு மேல் சொல்ல அன்றைக்கு அவளால் முடியவில்லை.

வியாழக்கிழமை சோறு, சாம்பார், முட்டை. பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து குஞ்சம்மாள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வரிசையின் முதல் பிள்ளை தட்டை நீட்டியபோது அம்சவள்ளி தலை நிமிர்ந்தாள்.

"எவ்வளவு வேணும்?"

பையன் திரும்பித் தனக்குப் பின்னால் யாரையாவது கேட்கிறாளா என்று பார்த்தான்.

"உன்னத்தான்."

"ஒரு கரண்டி."

அடுத்தது மஞ்சு. "ரெண்டு. தலகட்டி" என்றாள். அம்சவள்ளி போட்டாள். ஆர்த்தி வந்தாள். "முக்கா கரண்டி போதும்க்கா." போதும் என்ற சொல் காதில் விழுந்து, வேறெங்கும் போகாமல் அங்கேயே நின்றது. அது வெறும் போதும்தான். ஒரு பையன் அரைக் கரண்டி கேட்டான், பல் விழுந்துவிட்டதாம், வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். வரிசை மெதுவாக நகர்ந்தது. "பஸ்ஸு டிக்கெட்டு கிழிக்கிற மாதிரி ஒவ்வொருத்தரயா கேக்குறா" என்று குஞ்சம்மாள் முணுமுணுத்தாள்.

இரண்டாம் வகுப்பு நர்மதா வந்தாள். இந்த வருடம்தான் சேர்ந்தவள், ஊர்த்தெரு.

"எவ்வளவு வேணும் தங்கம்?"

நர்மதா தட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "வேணாம்."

"வயிறு வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினாள். "எங்க அப்பத்தா சொல்லிருக்கு. நீங்க ஆக்குனத வாங்கிக்கணுமாம். திங்கக் கூடாதாம்."

"ஏய், நர்மதா" என்றாள் தள்ளி நின்ற ஆர்த்தி, முகம் சிவந்துபோய். அம்சவள்ளி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

வந்துவிட்டது. பதினோரு வருடம் எதைக் கேட்டுவிடக் கூடாது என்று குனிந்தே இருந்தாளோ அது வந்துவிட்டது. அவள் தனக்குள் பார்த்தாள். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் கரண்டி கையிலேயே இருந்தது, சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, முன்னால் நின்றது ஆறேழு வயதுப் பிள்ளை. இவ்வளவு பேரில் ஒரு வாய். பயத்தில் அவள் எண்ணி வைத்திருந்தது ஒரு தெருவை.

"அப்ப தெனம் கொட்டிட்டியா?"

"ம். நேத்து மட்டும் லீவு."

"பசிக்காதா?"

"பசிக்கும்."

"சரி. வேணாம்னா வாங்காத. கொட்டுறதுக்காக வாங்க வேணாம். பசிச்சா வந்து கேளு, நான் இங்கதான் இருப்பேன்."

நர்மதா நகரவில்லை. "முட்டை?" என்றாள்.

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. குஞ்சம்மாளைக் கைகாட்டி விட்டிருக்கலாம். "முட்டையும் நான்தான் அவிச்சேன்" என்றாள் அம்சவள்ளி.

நர்மதா யோசித்தாள். குஞ்சம்மாளின் கூடையை எட்டிப் பார்த்தாள். "அதுல உரிக்காதது இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நானே உரிச்சுக்கிறேன்."

மஞ்சுதான் முதலில் சிரித்தாள். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. குஞ்சம்மாள், "அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவுல நல்ல ஓட்டை கண்டுபுடிச்சிருக்கு பாரு" என்று ஓட்டோடு ஒரு முட்டையை எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள். அம்சவள்ளிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. சாம்பார் ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நர்மதா சுவரோரம் உட்கார்ந்து, ஓட்டைப் பொடிப்பொடியாக உரித்து, எழுந்து போய் நீல வாளியில் போட்டுவிட்டு வந்தாள். வெள்ளையைத் தின்றாள். மஞ்சள் கருவை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

வரிசை முடிந்து அண்டாவில் அடிச்சோறு கொஞ்சம் இருந்தபோது அவள் திரும்பி வந்து நின்றாள்.

"தொண்டைய அடைக்குது."

"தண்ணி குடி."

"குடிச்சிட்டேன்." கண் சாம்பார் வாளியின் மேல் இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று அவள் பார்க்கவில்லை. அம்சவள்ளிதான் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். இதைக் கொடுத்தால் நாளை கேட்டில் யாராவது வந்து நிற்கலாம். வரட்டும். வந்தால் அவர்களிடமும் நிமிர்ந்து பேசிக்கொள்ளலாம்.

"எவ்வளவு வேணும்?"

நர்மதா தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளின் விரல்களையும் சேர்த்து, தட்டின் நடுவில் ஒரு சின்ன வட்டம் காட்டினாள்.

அம்சவள்ளி குனிந்து, அந்த விரல்களுக்குள் அடங்கும் அளவுக்குச் சோறு வைத்தாள். விரலில் சூடு படாமல் சாம்பார் ஊற்றினாள். கை இன்னொரு முறை அண்டாவின் பக்கம் போகவில்லை.