பழக்கரைசல் ஊற்றிய மண்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவளை நான் நேரில் பார்த்ததில்லை.

வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். கஞ்சிக்கோட்டில் வாடகை வீட்டுக்குப் பின்னால் பெயின்ட் வாளிகளில் வெண்டை வைத்திருக்கிறேன், அந்தத் தகுதியில். பாலக்காட்டுக்காரர்கள் பாதி, இடுக்கி மலைக்காரர்கள் பாதி. தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை கிடையாது, எல்லாம் குரல்தான். பின்னால் குக்கர் விசிலும் கோழிச் சத்தமும் சேர்ந்தே வரும். மாசி பிறந்துவிட்டால் ஒரே பேச்சு: விதை முளைத்ததா, அங்கே மழையா, இன்றைக்கு என்ன கறி.

அன்றைக்கும் அப்படித்தான். பாலக்காட்டில் பழக்கடை வைத்திருக்கும் கலீலின் மனைவி ரஸியா, மாடியில் வெள்ளரி பூ விட்டுவிட்டதென்றாள். நோன்புக் கஞ்சிக்குத் தன் தொட்டிப் புதினாதான் என்றாள். நடுவில் சூரியநெல்லியிலிருந்து ஒரு பெண் குரல்:

“ரஸியாக்கா, அந்தப் பழக்கரைசல் சொன்னீகள்ல. அத ஊத்துன மண்ணுல வாசம் எத்தன நாளைக்கு இருக்கும்?”

“ரெண்டு மூணு நாள்ல அடங்கீருமுங்க்கா. ஏனுங்க, ஊட்டுக்கு விருந்தாளி வாராங்களா?”

குழுவில் சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. பன்னீர் தெளிக்கச் சொன்னார் ஒருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிறந்தது அதே மலையில், ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே சுவரை முதுகாக வைத்து நிற்குமே, அதில். அங்கே யாரும் மூக்குக்காக அப்படிக் கேட்கமாட்டார்கள்; பழ வாசத்துக்கு எது வரும் என்று தெரிந்துதான் கேட்பார்கள். [யானை என்று இங்கேயே எழுதிவிடலாமா, கொஞ்சம் மறைத்து வைக்கலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன். அங்கே இருப்பவர்களுக்கு அது மறைந்து நிற்பது போதும்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: “மலைமேல் மூடுபனி மெல்ல விலகியபோது” — அடித்துவிட்டேன். பனி விலகுவதை ரசிக்க லயத்தில் ஆளில்லை. பனிக்குள் கறுப்பாக எதுவும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொழுந்துக் கூடையை எடுப்பார்கள்.

இரண்டாவது: “அது வந்தபோது சுவர்” — பாதியில் விட்டேன். வந்துவிட்டால் ஓடுவதா, நிற்பதா என்று உடம்பு தானே பார்த்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த பயம் வருவதற்கு முன்னால் இருப்பது.

மூன்றாவது ஒரு செய்முறை: “அழுகிய வாழைப்பழம், வெல்லம், சாணம், தண்ணீர். டிரம்மில் போட்டு மூடி, தினமும் கோலால் கலக்கிவிடவும்.” இது நிற்கட்டும். சமவெளியில் இதைவிட நிரபராதியான வாக்கியம் கிடையாது.

3

கேள்வி கேட்டவளுக்குச் சின்னத்தாய் என்று பெயர் வைத்தேன். கொழுந்து பறிக்கிறவள். வயது ஐம்பதை ஒட்டி. வீடு லய வரிசையின் ஓரத்தில். புருஷன் சோலை சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போய், பாறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கிறான். ஆள் தூக்கிவிட்டால்தான் எழுந்து உட்காருவான். கட்டில் கிடப்பது பின்னறையில். அந்தச் சுவருக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், பீன்ஸ் பாத்தி. பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்தப் பக்கம் போவதால் பாத்தியை அங்கே வைத்தாள். வேறு காரணம் எதுவும் இல்லை.*

* கிடப்பவனைப் பாத்தியை ஒட்டி வேண்டுமென்றே நான் படுக்கவைத்தேன் என்று நினைக்காதீர்கள். லயத்தில் இருப்பது இரண்டே அறை. முன்னறையில் அடுப்பு.

இப்போது அவளை நான் சந்தேகப்பட வேண்டும். அந்த லயத்தில் ஒருவர் வீட்டிலும் வாழை கிடையாது. பலா மரம் இருந்தால் காய் பிஞ்சாக இருக்கும்போதே அறுத்துப் புதைத்துவிடுவார்கள். வெல்லமும் உப்பும் மூட்டையாக வாங்கி வைப்பதில்லை. இதையெல்லாம் நடை பழகும்போதே கற்றுக்கொண்டவள், பூப்பாறைச் சந்தையில் அழுகின பழத்தைச் சும்மா தருகிறார்கள் என்று பை நிறைய வாங்கிவந்து டிரம்மில் போடுவாளா?

போடுவாள். சாணியில் விழுந்த பிறகு அது அவளுக்குப் பழமாகத் தெரியவில்லை. உரமாகிவிட்டது. தின்கிற பொருளைத்தான் வீட்டில் வைக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். செடி தின்கிற பொருளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

4

வனத்துறையின் வாச்சர் பூபதிராஜா ஞாயிறு காலையில் வந்தான். யூக்காலித் தோப்புப் பக்கம் பெரியவர் இறங்கியிருக்கிறார் என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போகிறான். பெரியவர் என்றால் யானை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்டுவிடும் என்பது போல ஒரு மரியாதை.

வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

“என்னக்கா, சாராயம் கீராயம் காச்சுறீகளா? எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“ஒரம்யா. பீன்ஸுக்கு.”

“என்ன ஒரம்?”

“சாணிதான்.”

“எங்க வீட்லயும் மாடு இருக்கு. சாணி இப்பிடி மணக்காது.” வீட்டைச் சுற்றிப் பின்னால் போனவன், திரும்பி வரும்போது சிரிப்பை விட்டுவிட்டிருந்தான். “பழம் போட்டீகளா?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“போன தடவ கீழ லயத்துல ரேஷன் கடச் சுவர இடிச்சாரு பெரியவரு, அரிசிக்கு. நீங்க பாக்கலயா?”

“மண்ணுல ஊத்துனதுகூடவா தெரியும் அதுக்கு?”

“எனக்கென்ன தெரியும்? என் மூக்குக்கே தெரியுது. தண்ணிய விட்டு அலசி விடுங்க.”

“குடிக்கத் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது. எங்க போய் அலச?”

பூபதிராஜா வானத்தைப் பார்த்தான். “அப்ப மழ வரணும்” என்றான். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

[வாச்சர் இன்னும் ஏதாவது செய்திருக்கலாம் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. பட்டாசுப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனதாக ஒரு வரி சேர்த்தேன். பட்டாசு இருந்தும் சோலை ஓட முடியாது. எடுத்துவிட்டேன்.]

5

டிரம்மில் இன்னும் பாதி இருந்தது.

“கொண்டுபோய்க் கொட்டிட்டு வா” என்றான் சோலை உள்ளேயிருந்து.

“எங்க கொட்ட?”

“ஓடைல.”

“அந்தத் தண்ணியத்தான் கீழ டேங்க்ல புடிக்காங்க.”

“ரோட்டுல.”

“ரோட்டுல கொட்டுனா ரோட்டுக்கு வரும். ரோட்டுலருந்து நம்ம வீடு எம்புட்டுத் தூரம்?”

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு குரலை இறக்கிச் சொன்னான்: “மோனிஷா வீட்டுக்குப் பின்னால ஒரு குழி கெடக்குல்ல.”

மோனிஷா கீழ் வரிசையில் இருப்பவள். புருஷன் மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான், வாரம் ஒருமுறை வருவான். மடியில் கைக்குழந்தை.

“உங்க வாய்லருந்தா இது வருது?”

“எனக்குக் கால் இருந்தா இந்தப் பேச்சே வராது. நீ ஓடிருவ. நான் என்ன செய்ய, சொவரு விழுகையில கும்பிடு போடவா?”

“நான் ஓடிருவேன்னா நெனைக்கீக?”

“ஓடலேன்னா அதவிடக் கிறுக்கு.”

அவள் டிரம்மின் மூடியை இறுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். பாத்திக்கு மூடி இல்லை. அதன்மேல் அடுப்புச் சாம்பலை வாரி இறைத்தாள். சாம்பல் போட்ட இடத்தில் கொஞ்சம் இனிப்பாக மணந்தது. பயத்தில் அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. யானைக்கு அது மணக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்தால் இந்தக் கதையைச் சுலபமாக முடித்திருப்பேன்.

அன்று மாலை குழுவில் அவள் குரல் மறுபடி வந்தது. “ரஸியாக்கா, பாலக்காட்ல மழ உண்டா?”

இந்தக் கேள்வியைத் தினமும் பத்துப் பேர் கேட்கிறார்கள். ரஸியா, “இங்க தீ காயுதுங்க்கா” என்று சொல்லிவிட்டு, சமோசாவுக்கு வெங்காயம் அரிந்து கண் எரிகிற கதையைத் தொடங்கினாள்.

6

ரஸியாவை முதலில் கெட்டவளாக எழுதிவைத்தேன். மாடியில் பன்னிரண்டு தொட்டி, மலையில் என்ன இருக்கிறதென்று தெரியாத கடைக்காரன் பெண்டாட்டி. வசதியாக இருந்தது. பிறகு அவளைப் போனில் தனியே கூப்பிட்டு, அந்த வாசத்துக்கு மலையில் எது வரும் என்று சொன்னேன். [ஆமாம், கதைக்குள் நானே நுழைந்து கூப்பிட்டேன். வேறு யாரும் கூப்பிடுவதாக இல்லை.]

பின்னால் கலீல் யாரோடோ நேந்திரன் விலை பேசுவது கேட்டது.

“செடிக்குத்தானுங்க சொன்னேன்” என்றாள். “எங்க ஊர்லயும் மலையோரத்துல ஆனை எறங்குதுங்க. எம்பட புத்திக்கு அது எட்டலையே. அந்த அக்கா என்னைய ஒரு வார்த்த திட்டுனாங்களா?”

“இல்ல. மழை இருக்கான்னுதான் கேட்டாங்க.”

“அய்யோ, நான் வெங்காயத்தப் பத்திப் பேசிட்டிருந்தேனுங்க.”

அன்றிலிருந்து ரஸியா நோன்பு திறக்கும் நேரத்தில் மழைக்குத் துஆ கேட்கிறாள். குழுவில் மற்றவர்கள் வெள்ளரிக்காக என்று நினைத்துக்கொண்டு ஆமீன் போடுகிறார்கள். கெட்டவள் கையைவிட்டுப் போய்விட்டாள். கதையில் இப்போது குற்றம் சொல்ல ஆளில்லை. பயத்துக்கு இது நல்லதில்லை.

7

முடிவுகளைப் பார்ப்போம்.

(அ) யானை வருகிறது. இதை எழுத எனக்குக் கை வரும்; அப்படி விழுந்த சுவர்களின் செங்கல்லைச் சுமந்திருக்கிறேன். ஆனால் சோலையை நான் கட்டிலில் போட்டதே இதற்காகத்தான் என்று ஆகிவிடும். வேண்டாம்.

(ஆ) யானை வராமல் வேறு பக்கம் போய்விடுகிறது. இது நடக்கும். பெரும்பாலான நாட்களில் நடப்பது இதுதான். அடுத்த நாள் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள்.

(இ) மழை.

மூன்றாவதை எழுதினேன். பங்குனி முதல் வாரம். மதியத்துக்கு மேல் கொழுக்குமலைப் பக்கம் கறுத்து வந்தது. சோலை உள்ளேயிருந்து, “வருது, வருது” என்று சின்னப் பையன் போலக் கத்தினான். சின்னத்தாய் பின்னால் ஓடினாள். காற்றில் ஈரம். ஒரு சொட்டு சாம்பலில் விழுந்து குழி போட்டது. எனக்கே மூச்சு லேசானது. இதோடு முடித்துவிடலாம் என்று பேனாவை மூட இருந்தேன்.

அப்போதுதான் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தேன். மலையில் பிறந்தவன் யோசிக்காமல் இருக்க முடியாது. பாத்தியை அலசி, வாசத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கும் தண்ணீர், சும்மா விட்டால், சரிவில் நேராக மோனிஷாவின் பின்வாசலில் போய்த் தேங்கும். பாத்தியின் பக்கவாட்டு வரப்பை மம்பட்டியால் வெட்டி மடை திருப்பினால் வீட்டைச் சுற்றிக்கொண்டு சின்னத்தாயின் வாசல்படிக்கே வரும். மூன்றாவது பக்கம் பாறை.

இது அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. மம்பட்டி கையில் இருக்கிறது.

கீழிருந்து மோனிஷா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து கூப்பிடுகிறாள். “அக்கா, மழ பிடிச்சா பின்னால சொவரு நனையுமே. மாமாவ நம்ம வீட்டுக்குக் கொண்டாந்துருவோமா? எம் புள்ள பக்கத்துல படுத்துக்கிரட்டும்.”

உள்ளேயிருந்து சோலை, “என்னட்டி சொல்லுதா அவ?” என்கிறான்.

மழை இப்போது சத்தமாக விழுகிறது. பாத்தியில் தண்ணீர் நிறைந்து, வரப்பின் விளிம்பில் பழுப்பாக நிற்கிறது.

நான் இந்த இடத்தில் நிறுத்துகிறேன். மோனிஷாவுக்கு அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதையும், மம்பட்டியை எங்கே போடுகிறாள் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டாலும் தண்ணீர் கீழே போய்விடும்.