ஒரு காரில் இரண்டு கோபம்

பல்செட் செய்பவரும் அவருடைய மனைவியின் அண்ணனும் பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆகியிருந்தது. சொத்துத் தகராறு, பணத் தகராறு ஒன்றும் இல்லை. இருவரும் ஒரே மாதத்தில் கார் வாங்கினார்கள், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த ஒரு மதிய விருந்தில் அண்ணன்காரர் தங்கை கணவரின் புதுக் காரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இருமல் மருந்து கலர்ல தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கீங்களே மாப்பிள்ளை" என்றார். பல்செட்காரர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் பதிலுக்கு, மச்சானுடைய கார் சக்கரம் வைத்த சோப்புப்பெட்டி மாதிரி இருக்கிறது என்றார். அதையும் விருந்துக்கு வந்திருந்த மச்சானின் மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது சொன்னார். அன்றோடு பேச்சு அறுந்தது.

அண்ணன்காரர் நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். வாழ்க்கையிலும் அரை அங்குலம் விட்டுக்கொடுக்காத ஆள். பல்செட்காரர் மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துப் பதித்துப் பொறுமை பழகியவர். தன் கோபத்தையும் அதே பொறுமையோடுதான் பேணி வந்தார்.

இதற்கிடையில் கார் வைத்திருப்பது கையைக் கடிக்கத் தொடங்கியது. பெட்ரோல் ஏறியது. இன்சூரன்ஸ் ஏறியது. வண்டியை நிறுத்தி வைக்கிற இடத்துக்குக்கூட மாதாமாதம் கூடக் கேட்டார்கள். பல்செட்காரர் முதலில் ஏசியை அணைத்தார். பிறகு எல்லாச் சிக்னலிலும் இன்ஜினை அணைத்தார். எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று எங்கேயோ படித்துவிட்டு, பின்னால் டிக்கியில் கிடந்த குடை, பாய், பழைய செருப்பு எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டார். ஒரு நாள் காலை, காரில் ஏறப்போன மனைவியிடம், கைப்பைக்குள் இவ்வளவு கனமாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

அன்று மாலையே அவள் தன் அண்ணிக்குப் போன் செய்தாள்.

அண்ணி வீட்டிலும் அதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது. சர்வேயர் காசு கேட்காத இடமாகப் பார்த்து, அலுவலகத்திலிருந்து அரை மணி நேர நடை தூரத்தில் காரை நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வேலைக்குப் போகிறாராம். தலைவலி மாத்திரை வாங்கி வரச் சொன்னால், வியாழக்கிழமை அந்தப் பக்கம் போகிற வேலை இருக்கிறது, அதுவரை பொறுத்துக்கொள் என்கிறாராம். இரண்டு பெண்களும் ஒரு மணி நேரம் பேசினார்கள். வீடுகள் பக்கத்துப் பக்கத்துத் தெரு. வேலை பார்க்கிற இடங்களும் அப்படியே. ஒரு வாரம் ஒருவர் கார், மறு வாரம் இன்னொருவர் கார் என்று முடிவாயிற்று.

பல்செட்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நீங்க அவரோட பேச வேண்டாம். உக்காந்துட்டுப் போனாப் போதும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அண்ணி அங்கே என்ன சொன்னாளோ தெரியாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு சர்வேயர் காரோடு வாசலில் நின்றார்.

பல்செட்காரரின் கீழ் வீட்டில் குடியிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாளும் சேர்ந்துகொண்டார். எல்லோருக்கும் அவர் தெரபி அக்கா. இன்சூரன்ஸ்காரர்களின் புதுக் கடிதத்தைப் பார்த்த அன்றே தன் காரை விற்றவர். அவர் முன் சீட்டில் உட்கார, ஓட்டாத மனிதர் பின்னால் மூலையில் உர்ரென்று உட்கார்ந்து வருவார். எதுவும் சொல்ல வேண்டுமானால் அக்கா வழியாகத்தான்.

"அக்கா, பின் கண்ணாடியை ஏத்தச் சொல்லுங்க. காத்து இழுத்தா பெட்ரோல் குடிக்கும்" என்பார் சர்வேயர்.

"அவர் இங்கதானே இருக்கார். காதுல விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கும். ஆனா நான் அவர்கிட்ட சொல்லல."

முதல் வாரம் அக்கா கேட்டதைக் கேட்டபடியே கடத்தினார். நாள் முழுக்க மற்றவர்களுடைய இறுகிப்போன கழுத்தையும் தோளையும் பிடித்து இளக்குகிறவருக்கு இது சலித்துவிட்டது. இரண்டாவது வாரம் சொந்தச் சரக்கைச் சேர்க்க ஆரம்பித்தார். பல்செட்காரர் பிரேக் போட்டதும் பின்னாலிருந்து சர்வேயர், குடல் வாய்க்கு வந்துவிட்டது என்று முனகினால், அக்கா திரும்பி, "நிதானமா ஓட்டுறீங்கன்னு உங்க மச்சான் சந்தோஷப்படுறார்" என்பார். சர்வேயர் மறுக்க வேண்டுமானால் நேராக மாப்பிள்ளையிடம் பேச வேண்டும். அதற்கு வழியில்லை. அக்காவிடம் மறுத்தாலோ, அதையும் அவர் இன்னொரு பாராட்டாக மாற்றிவிடுவார். ஒரு மாதத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏகமாகப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

அக்கா லீவு போட்ட ஒரு புதன்கிழமைதான் வினை வந்தது.

அது சர்வேயர் கார் வாரம். அன்று பத்து மணிக்கு ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி கூட்டத்தில் பேச இருந்தார். அவருடைய புதுப் பல்செட் பல்செட்காரரின் மடியில் சிறு பெட்டியில் இருந்தது. முன் சீட் காலியாக இருந்தும் அவர் பின்னால்தான் உட்கார்ந்தார். தெரு முனை தாண்டியதும் பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார். விலை குறையப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்ததால் சர்வேயர் நிரப்பாமல் இழுத்தடிக்கிறார் என்பதும் புரிந்தது.

எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமிப் பார்த்தார். சர்வேயர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பல்செட்காரர் மனைவிக்குப் போன் செய்து, உன் அண்ணனிடம் பெட்ரோல் தீரப்போகிறது என்று சொல் என்றார், காரில் உள்ளவருக்குக் கேட்கும்படியாகவே. அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்ற சட்டத்தை சர்வேயர் அன்றைக்கென்று அட்சரசுத்தமாகக் கடைப்பிடித்தார்.

மேம்பாலத்தில் முக்கால் ஏற்றம் ஏறியதும் கார் இரண்டு முறை குலுங்கி நின்றது.

பின்னால் ஹாரன்கள் அலறின. சர்வேயர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, பின் கதவைத் திறந்து, ஓட்டுகிற இருக்கையை விரலால் சுட்டினார். அவர் ஆள் வாட்டசாட்டமானவர், தள்ள வேண்டியவர் அவர்தான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பல்செட்காரர் பெட்டியோடு முன்னால் போய் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார். சர்வேயர் மூச்சைப் பிடித்துத் தள்ளினார். கார் அங்குலம் அங்குலமாக ஏறி, பாலத்தின் உச்சியைத் தொட்டது. பிறகு அவர் கையை விட்டுவிட்டுத் தானாகவே உருளத் தொடங்கியது.

"மாப்பிள்ளை, பிரேக்கு! பிரேக்கைப் பிடிங்க!"

நான்கு வருடத்தில் முதல் பேச்சு அது. பல்செட்காரர் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் சரிவின் அடியில் இடது பக்கம் ஒரு பெட்ரோல் நிலையம் இருப்பது அவர் கண்ணில் பட்டிருந்தது. இறுகிக் கிடந்த ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வளைத்து, பிரேக்கை மிதித்து மிதித்து, சரியாகக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மடியில் இருந்த பெட்டி அசையவே இல்லை.

சட்டை வெளியே வந்து தொங்க, சர்வேயர் ஓடி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏன் நிறுத்தல?"

"நிறுத்தியிருந்தா மறுபடியும் நீங்கதானே தள்ளணும் மச்சான்."

சர்வேயர் காரைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், கண்ணாலேயே தூரத்தை அளந்தார். "என் கையில இது இவ்வளவு மைலேஜ் குடுத்ததே இல்ல" என்றார்.

பல்செட்காரருக்கு முதலில் உதடுதான் துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சர்வேயரும் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம்தான் இருவரும் விலைப் பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள். நேற்றைவிட ஏறியிருந்தது.

"பேப்பர்ல போட்டிருந்தானே" என்றார் சர்வேயர், குரல் இறங்கிப்போய்.

"விடுங்க மச்சான். முகத்தைப் பாத்தா விலை கேட்ட மாதிரியே இல்ல, யாரோ செத்த மாதிரி இருக்கு" என்று பல்செட்காரர் தன் பர்ஸை எடுத்தார். சர்வேயர் தடுத்தார். கடைசியில் ஆளுக்குப் பாதி போட்டார்கள். நீதிபதி வீட்டுக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் பல்லை மாட்டி, கண்ணாடியில் பார்த்து, திருப்தியாகக் கடித்தும் காட்டினார்.

மறுநாள் தெரபி அக்கா வந்தபோது முன் சீட்டில் பல்செட்காரர் உட்கார்ந்திருந்தார். நான்கு வருடம் சேர்த்து வைத்ததையெல்லாம் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி நேரம் அது சண்டையாகவே இருந்தது. அக்காவை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. வாயே ஓயாத இரண்டு பேருக்குப் பின்னால் உட்கார்ந்து வருவதைவிட, பேசாத இரண்டு பேருக்கு நடுவில் இருந்தது நிம்மதி என்று அவர் பிற்பாடு பல்செட்காரரின் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு கார் போதும் என்று ஆயிற்று. எதை விற்பது என்று இரண்டு ஆண்களும் தினமும் காரசாரமாக வாதாடிக்கொண்டிருக்க, பெண்கள் இருவரும் காதும் காதும் வைத்தாற்போல் ஆள் பார்த்து, டயர் தேய்ந்திருந்த காரை விற்று முடித்தார்கள். மிச்சமான காரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே போகிறார்கள் என்று சொல்வதில்லை. கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

அந்த நாட்களில் மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு காய்கறி வாங்க நடந்தே போனார்கள். போகிற வழியில் செருப்பு விலை ஏறியிருப்பதைப் பற்றிப் பேசினார்கள்.