காலைக்கும் மதியத்துக்கும் ஒரே கவுன்

காலை வகுப்புக்காகத் தாய்மார்களெல்லாம் தவம் கிடக்கிற ஊரில், மத்தியான வகுப்புதான் வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போனவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அது அறுபத்தொன்றாம் வருடத்து டிசம்பர். காலை ஒரு வகுப்பு, மத்தியானம் ஒரு வகுப்பு என்று இரண்டு வேளையாக நடந்த பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. பெரியவள் லட்சுமிதான் பாயில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். பள்ளி ஜனவரி இரண்டாம் தேதி திறக்கும். நீலக் கவுன், வெள்ளைச் சட்டை, காலுக்கு வெள்ளைச் சப்பாத்து கட்டாயம். நகம் வெட்டியிருக்க வேண்டும். சீருடை இல்லாமல் வருகிறவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். கடைசியாக ஒன்று: ஒரே வீட்டுப் பிள்ளைகள் இனிமேல் ஒரே நேரத்தில் படிப்பார்கள், பெற்றோரின் வசதிக்காக. லட்சுமிக்கும் காலை, சின்னவள் சந்திரமதிக்கும் காலை.

எங்கள் வசதிக்காகவாம். எங்களை யார் கேட்டார்கள்?

கீழ் வீட்டுப் பெண்கள் "உனக்கென்ன பூவம்மா, ரெண்டு பேருக்கும் காலை! அதிர்ஷ்டக்காரிதான் லா!" என்றார்கள். நான் சிரித்து வைத்தேன். அதில் எனக்கு இருந்த சிக்கல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். என் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து வீட்டில் ஒரு கவுன், ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு ஜோடி சப்பாத்துதான் இருந்தன. ஹார்பரில் மூட்டை தூக்கிய என் புருஷன் மருதப்பன், காசநோய் வார்டில் படுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் சிராங்கூன் ரோட்டில் மசாலா மில்லில் மிளகாய் சலிக்கிறவள். அந்தக் கூலி அறை வாடகைக்கும் அரிசிக்கும் அவருக்கு முட்டை, பால் கொண்டுபோகவும் சரியாகப் போய்விடும்.

ஆனால் நாங்கள் சமாளித்தோம், அதுவும் ஜோராக. பெரியவள் குச்சி, சின்னவள் வளர்த்தி. உயரத்தில் இரண்டு விரற்கடைதான் வித்தியாசம். லட்சுமிக்குக் காலை வகுப்பு. பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் கெர்பாவ் ரோட்டில் எங்கள் அறைக்கு ஓடி வருவாள். நானும் மில்லிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவேன். சந்திரமதி தலை பின்னி, பெட்டிகோட்டோடு தயாராக நிற்பாள். ஒருத்தி கழற்ற, ஒருத்தி மாட்ட, சப்பாத்தின் நுனியில் நான் பஞ்சு திணிக்க, ஒரு மணிக்குச் சின்னவள் வகுப்பில் இருப்பாள். சாயங்காலம் அவள் வந்ததும் துவைத்து, கரி அடுப்புப் பக்கம் காயப்போட்டு, விடிந்ததும் இஸ்திரி. மை சிந்தக் கூடாது, மண்ணில் உட்காரக் கூடாது, ஐஸ்கட்டி வாங்கித் தின்னக் கூடாது என்று இரண்டு பேருக்கும் என் சட்டம். ஒரு தடவை லட்சுமி கவுனில் மை சொட்டிவிட்டாள். அந்த இடத்தை உள்ளே மடித்துத் தைத்தேன். காலை வாத்தியார்கள் வேறு, மத்தியான வாத்தியார்கள் வேறு. இரண்டு வருடம் ஒருத்தருக்கும் தெரியவில்லை. போன நவம்பரில் இரண்டு பேரும் ஆளுக்கொரு எனாமல் குவளை பரிசாக வாங்கி வந்தார்கள். எதற்குப் பரிசு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இலவசச் சீருடை வாங்கலாமே என்று கேட்பீர்கள். ஏழைப் பிள்ளைகள் நிதி என்று ஒன்று இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. போன வருடம் எதிர் அறை செல்லக்கண்ணு வாங்கினாள். ஒன்பது வயதுப் பெண். நிதிக் கமிட்டித் தலைவர் மேடையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகள் கவுனை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். போட்டோ எடுத்துப் பேப்பரிலும் போட்டார்கள். மறுநாளிலிருந்து அவளுக்குப் பெயர் 'தர்மக் கவுன்'. மார்ச் மாதத்துக்குள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். என் பெண்கள் அந்த மேடையில் அப்படி நிற்க மாட்டார்கள். நின்றால் அவர்களுடைய படிப்பும் அதோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். பையில் கவுனை மடித்து வைத்துக்கொண்டேன். தேவைப்பட்டால் காட்டலாம் என்று எடுத்துப்போனேன், தேவைப்படவே கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

தலைமையாசிரியர் சேதுபதி கெட்ட மனுஷர் இல்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

"சார், சின்னவளுக்கு மத்தியானமே குடுங்க."

"எல்லாரும் காலை வேணும்னு வந்து அழறாங்க. நீங்க ஏம்மா மத்தியானம் கேக்குறீங்க?"

"வீட்டு விஷயம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காலையில புள்ளைய எங்கயாச்சும் வேலைக்கு விடப் போறீங்களா? உண்மையச் சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. படிக்க வைப்பதற்காக நான் படுகிற பாட்டுக்கு இதுதான் பட்டமா? வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்று வெளியே வந்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் ஆமினா பீவி முக்காட்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். டன்லப் ஸ்திரீட்டில் சரபத் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபாரின் மனைவி. எனக்கு மூத்தவர். அவர் முகமும் சிவந்திருந்தது.

"என்னாக்கா, உங்களுக்கும் இல்லைன்னுட்டாரா?"

"நூருன்னிசாவுக்கு மத்தியானம் போட்டிருக்காங்க, பூவம்மா. அவ நாலு மணிக்கு ஓதப் போறவ. குர்ஆன் பாதியில நிக்குது. காலை குடுங்கன்னா இடம் இல்லையாம்."

"நூருன்னிசா மூணாவது தானே?"

"ஆமா."

"என் சந்திராவும் மூணாவது. அவளுக்குக் காலை. எனக்கு மத்தியானம் வேணும்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எழுந்து, கதவைத் தட்டாமலே உள்ளே போனோம்.

"இடம் இல்லைன்னீங்க. இந்தாங்க இடம்" என்றேன். "என் மக எடம் இவங்க மகளுக்கு. அவ எடம் என் மகளுக்கு. யாருக்கும் ஒண்ணும் குறையாது."

சேதுபதி பேனாவை எடுத்தார், மறுபடி வைத்தார். "மாத்திவிட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். காரணம் எழுதி வைக்கணும். இவங்களுக்கு ஓதுற வகுப்பு, சரி. உங்களுக்கு என்னன்னு எழுத?"

ஆமினா பீவி என்னைப் பார்த்தார். இனி மறைத்தால் அந்தப் பெண்ணின் ஓதலும் போய்விடும், என் மகளின் படிப்பும் போய்விடும். பையிலிருந்து கவுனை எடுத்துத் தலைமையாசிரியர் மேசையில் விரித்தேன்.

"இதான் சார் காரணம். காலையில இது லட்சுமிக்கு. மத்தியானம் இதேதான் சந்திரமதிக்கு. வீட்டுல வேற கவுன் இல்ல."

அவர் கவுனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை, இரக்கப்படுகிற முகம் அது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்தார்.

"இதச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நிதியில ரெண்டு செட் எழுதிடறேன். பொங்கலுக்கு முந்தி விழா இருக்கு. புள்ளைங்கள மேடைக்கு அனுப்புங்க, போதும்."

"அனுப்ப மாட்டேன் சார்."

"ஏன்? வாங்குறதுல என்ன கேவலம்?"

"வாங்குறது கேவலம் இல்ல சார். வாங்குறத ஊருக்குக் காட்டுறீங்களே, அதான் கேவலம். போன வருஷம் செல்லக்கண்ணுவ நிக்க வச்சீங்க. அவ இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா?"

அவர் பேனாவைப் பாரத்தின் மேல் வைத்தார்.

"தேக்காவுல ஒரு வீட்டுல கைக்குழந்தை தூக்குறா. அந்தக் கவுன் பெட்டியில இருக்கு. ஒரு சுருக்கம் இல்ல, ரொம்பப் புதுசா இருக்கு."

என் குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் நடந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"என் புள்ளைங்க மேடை ஏறாதவளுங்க இல்ல சார். போன நவம்பர்ல நீங்கதான் உங்க கையால குவளை குடுத்தீங்க. காலை வகுப்புல வருஷம் பூரா சுத்தமா உடுத்துன புள்ளை யாரு?"

அவருக்கு நினைவு வந்துவிட்டது. "லட்சுமி" என்றார் மெதுவாக.

"மத்தியான வகுப்புல?"

அவர் மேசையில் கிடந்த கவுனைக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு பரிசும் வாங்குனது இந்த ஒரு கவுன்தான் சார். தர்மம்னு சொல்லி இதுக்கு இன்னொரு கவுன் குடுக்க வேணாம். மத்தியானம் குடுங்க, போதும்."

ஆமினா பீவி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சேதுபதி அந்தப் பாரத்தை மறுபடி இழுப்பறைக்குள் தள்ளினார். பெரிய பதிவேட்டைப் புரட்டி, இரண்டு பெயர்களை அடித்து, இரண்டு பெயர்களை எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப வசதி' என்று எழுதியதாக ஆமினா பீவி எனக்குப் படித்துச் சொன்னார். இந்தத் தடவை அது பொய்யில்லை.

கவுனை மடித்துப் பையில் வைத்தேன். கதவருகே நின்று திரும்பினேன்.

"அந்த நிதிக் கவுனுங்கள மேடையில குடுக்காதீங்க சார். காகிதத்துல சுத்திப் பெத்தவங்க கையில குடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

"கமிட்டித் தலைவர் ஒத்துக்கணுமே..."

"அப்ப அவர மேடையில நிக்க வச்சுப் போட்டோ எடுங்க. புள்ளைங்க எதுக்கு?"

அவர் பதிவேட்டை மூடினார். "செல்லக்கண்ணு வேலை பாக்குற வீடு தேக்காவுல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வழி சொன்னேன்.

ஜனவரி இரண்டாம் தேதி. பன்னிரண்டரை மணி வெயிலில் லட்சுமி படியேறி ஓடி வந்தாள். சந்திரமதி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். கவுன் தலை வழியாக இறங்கியது.

"அம்மா, இன்னும் சூடா இருக்கு" என்றாள்.

"அக்கா சூடுதான். பேசாம நில்லு."

சப்பாத்தில் பஞ்சைத் திணித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் பிள்ளைகளின் நகத்தையும் உடுப்பையும் பார்த்துக்கொண்டு சேதுபதி நின்றிருந்தார். காலையிலும் அவரே நின்றதாக லட்சுமி சொல்லியிருந்தாள். சந்திரமதி எதிரே வந்ததும் குனிந்து கவுனைப் பார்த்தார். நான் மை மறைய மடித்துத் தைத்த விளிம்பில் அவர் கண் கொஞ்சம் நின்றது.

"காலையில பாத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றார். "மடிப்புக்கூடக் கலையல."

"கலையாது சார்" என்றேன்.