கேபிளின் மேல் ஒரு விரல்

கேபிளை விரலால் தொட்டால் திரை சரியாக இருந்தது. எடுத்தால் நடுங்கியது.

கருவியின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் சிப்பிலிருந்து திரைக்குப் போகும் பட்டைக் கேபிள் அது. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் அதன் வழியேதான் ஓடுகிறது, வினாடிக்குப் பல லட்சம். நாங்கள் செய்வது நோயாளியின் படுக்கையருகே வைக்கும் நாடித்துடிப்புக் கருவி. திரை நடுங்கும்போது, சோதனைக்காக நான் போட்டிருந்த 83 என்பது 33 போலத் தெரிந்தது. மின்துடிப்பைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் முனையைக் கேபிளில் வைத்து அளந்தால் திரை நல்ல பிள்ளையாகிவிடும். அதனால் ஒரு வாரமாகத் தவறு எனக்கு அகப்படவில்லை.

மேனேஜர் கதவைத் திறந்தார். திரையைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"நடுக்கம் நின்னுடுச்சே."

"இல்ல சார், நான் விரல..."

"பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரில இருந்து வர்றாங்க. அவங்க திருப்தியா போகட்டும், உன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

திங்கட்கிழமை நான் வேறு கம்பெனியில் சேர வேண்டும். இங்கிருந்து விடுவித்த கடிதம் இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள். அது மூன்று வாரமாக அவருடைய மேஜை இழுப்பறையில் கிடந்தது.

அவர் போய்விட்டார். நான் விரலை எடுக்கவில்லை.

பக்கத்து மேஜையில் சோல்டர் வைக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "இனி ஒவ்வொரு மெஷினோடயும் ஒரு பொண்ணு இலவசம்னு போட்டுடலாம்."

"அக்கா, சும்மா இருங்க."

"மூக்கு அரிச்சா சொல்லு. சொறிஞ்சு விடறேன்."

பதினோரு மணிக்குத் தலைமை நர்ஸ் வந்தார். தோள்வரை மரத்துப்போன கையோடு நான் நின்றேன். அவர் குனிந்து எண்ணைப் படித்தார்.

"எண்பத்து மூணு. தெளிவா இருக்கே. எங்க வார்டுக்கு இது போதும்."

மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் விரலை எடுத்தேன்.

முப்பத்து மூன்று.

"நான் புடிச்சிருந்தேன் மேடம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

நர்ஸ் என் விரலைப் பார்த்தார். "நைட் டியூட்டிக்கே எங்களுக்கு ஆள் பத்தல. இதப் புடிச்சுக்க வேற தனியா ஒரு ஆளா?"

மேனேஜர் அவரை டீ குடிக்க முன்னறைக்கு அழைத்துப்போனார். கதவை மூடும்முன் என்னிடம் சொன்னார்: "லெட்டர மறந்துடு."

உட்கார்ந்தேன். இரண்டு கையும் மடியில் சும்மா இருந்தன. அப்போதுதான் யோசிக்க முடிந்தது. விரல் என்ன செய்கிறது? எப்போது படிக்க வேண்டும் என்று திரைக்குச் சொல்லும் கிளாக் துடிப்பைத் துளி தாமதப்படுத்துகிறது. அளக்கும் முனையும் அதையேதான் செய்கிறது. அப்படியானால் தாமதம்தான் மருந்து. துடிப்பு ஏறும் அதே கணத்தில் சிப் நிறத்தை மாற்றுகிறது, திரையும் அதே கணத்தில் படிக்கிறது. பேசிக்கொண்டிருப்பவரைப் படம் எடுத்தால் வாய் கோணலாக விழுமே, அதுபோல.

கணினியில் புரோகிராம் கோப்பைத் திறந்தேன். எந்தக் கணத்தில் மாற்ற வேண்டும் என்ற வரி அங்கே இருந்தது. பழைய திரைக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தவள் நான்தான். 1 என்பதை 0 ஆக்கினேன்: இனி துடிப்பு இறங்கும்போது சிப் நிறத்தை மாற்றும், ஏறும்போது திரை படிக்கும்.

கருவியை முன்னறைக்குத் தூக்கிப்போய் நர்ஸின் டீ கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். அவர் கேபிளை ஆட்டினார், பெட்டியைத் தட்டினார், மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"யாரும் புடிக்கல," என்றார்.

அவர் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனபின் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "பத்து நிமிஷத்துல சரி பண்ற ஆள எப்படிம்மா வெளிய விடறது?"

கடிதத்துக்காக நான் கையை நீட்டினேன்.

"நீட்டிக்கிட்டே நிப்பியா?"

"காலைல இருந்து பழகிட்டேன் சார்."

அவர் போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார். சன்னலைப் பார்த்தார். நான் கையை இறக்கவில்லை. பிறகு இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.