ஒரிஜினல் லெட்

எங்கள் அம்மாவின் தலை எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லும். ஏதோ நரம்புக் கோளாறு. பக்கவாட்டில் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும், தூக்கத்தில் மட்டும்தான் நிற்கும். டீ வேணுமா என்று கேட்டால் தலை வேண்டாம் என்னும், கை நீண்டு கோப்பையை வாங்கிக்கொள்ளும். அதனால் வீட்டில் யாரும் அம்மாவின் தலையைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம். அண்ணி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தன்னைப் பார்த்து அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதைக் கண்டு அழாத குறையாகத் திரும்பிப் போனாளாம். அம்மாவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட அம்மாவின் வாயில் குழாயைச் செருகிப் படுக்கவைத்துவிட்டு, அவளிடமே சம்மதம் கேட்கச் சொன்னார் டாக்டர்.

நுரையீரலில் சளி கட்டி, மூச்சை மெஷின்தான் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது. வாய்வழிக் குழாயை அதிக நாள் வைத்திருக்க முடியாதாம். கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியே குழாயைச் செருகலாம், ஆனால் அதற்குப் பிறகு மெஷினைவிட்டு அம்மா மீள்வாளா என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் குழாயை எடுத்துவிட்டு, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, போகிறபடி போகட்டும் என்று விட்டுவிடலாம். காலையில் மயக்க மருந்தைக் குறைத்தால் கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பாள், அப்போது கேளுங்கள் என்றார்.

கேட்டோம். அம்மாவின் தலை ஆடியது. டாக்டர் உடனே புரிந்துகொண்டவர் மாதிரி எங்களைப் பார்க்க, அது வெறும் ஆட்டம்தான் என்று நானும் அண்ணனும் ஒரே குரலில் சொன்னோம். சம்மதம் என்றால் கையை அழுத்தச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஓட்டை போடலாமா என்று கேட்டாலும் பிடித்திருந்தாள், வேண்டாமா என்று கேட்டாலும் பிடித்திருந்தாள். பிள்ளையின் கை கிடைத்தால் எந்தத் தாய்தான் விடுவாள்?

பிறகு அவளே வலக்கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, காற்றில் எழுதிக் காட்டினாள்.

நர்ஸ் தன் பேனாவைக் கொடுத்தாள். அம்மாவால் தலையைத் தூக்க முடியாது என்பதால், அட்டையில் காகிதத்தைச் செருகி முகத்துக்கு மேலே குடை மாதிரி பிடித்தேன். மல்லாந்து கிடப்பவர் மேல்நோக்கி எழுதினால் பால்பாயிண்ட் பேனாவில் மை வராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அரை எழுத்து விழுந்தது, அத்தோடு சரி. பென்சில் வேண்டும் என்றாள் நர்ஸ். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பென்சில் அகப்படவில்லை. எல்லாம் கம்ப்யூட்டர். அம்மா அதற்குள் அசந்துவிட்டாள்.

“நாளைக்கு நான் கொண்டு வரேன்” என்றான் அண்ணன். அம்மாவை அந்த நிலையில் வைத்துக்கொண்டும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

வராமல் என்ன செய்யும்? என் அண்ணனுக்குச் சொந்தக்காரர்களிடையே ‘பென்சில்’ என்றுதான் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வருகிறவர்களுக்குச் சுவரில் இருக்கும் எழுத்துகளைக் காட்டி, தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்பது தொழில். சம்பாதிப்பதையெல்லாம் பழைய மெக்கானிக்கல் பென்சில்களில் போடுவது வியாதி. திருகினால் உள்ளே இருக்கிற லெட் குச்சி நீளுவது, அழுத்தினால் நீளுவது, வெள்ளி உறை போட்டது, கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடுவது என்று கடையின் பின்னறையில் இழுப்பறை இழுப்பறையாக வைத்திருக்கிறான். வெல்வெட் துணியில் அவை படுத்திருக்கிற சொகுசு அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கிடையாது. எதையும் எழுதத் தரமாட்டான். “எழுதத் தெரியாதவன் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்குதுங்க பாவம்” என்று அம்மா கேலி செய்வாள்.

அவனுக்கு ஒரே ஒரு மந்திரம்தான், ஒரிஜினல். மூடி ஒரிஜினலா, கிளிப் ஒரிஜினலா, உள்ளே இருக்கிற அழிப்பான் ஒரிஜினலா? மகனுக்குக் காய்ச்சல் என்று அண்ணி போன் செய்தபோதுகூட, ஏதோ ஒரு பென்சிலின் ஸ்பிரிங் ஒரிஜினல்தானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி.

மறுநாள் காலையில் இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்துக்கொண்டு வந்தான். எப்போதோ மூடிப்போன ஒரு கப்பல் பட்டறையில் வரைபடம் போடுகிறவர் வைத்திருந்ததாம். கனத்த உலோகம், ஆறு பட்டை, பிடிக்கிற இடத்தில் சொரசொரப்பு. அம்மாவின் விரலில் நழுவாது என்பதற்காகவே யோசித்து எடுத்து வந்திருந்தான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். எழுதுமா என்று கேட்டேன். கடையிலேயே எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றான். உள்ளே இருப்பது கம்பெனியிலிருந்து வந்தபோது போட்ட அதே லெட் என்பதையும் சேர்த்துச் சொன்னான். புது லெட் போட்டுக் கொண்டுவந்திருக்கலாமே என்றேன்.

“ஒரிஜினல் லெட்டு, பாப்பா. அதை எடுத்துட்டா அப்புறம் அது வெறும் குழாய்.”

இந்த முறை அட்டையை அவன்தான் பிடித்தான். நான் அம்மாவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். குழாய்க் கட்டுக்கு மேல் கண்ணாடி போட முடியாததால், எழுத்து தெரியாமலே அம்மா எழுதினாள். முனை காகிதத்தில் ஊர்வது எனக்குக் கேட்டது. ஒரு வரி முடிந்து, கை இறங்கி, இன்னொரு வரி. இடையில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி தொடர்ந்தாள். கடைசியில் ஒரு கோடு இழுத்தாள், அடிக்கோடு போலிருந்தது. பென்சிலை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தலைமேல் இருந்த பாரத்தை இறக்கி வைத்தவளின் பார்வை அது. அவ்வளவு நிம்மதியாக அவள் முகத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

எழுதிய களைப்பில் மூச்சு தடுமாற, மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்து மருந்தைக் கூட்டிவிட்டு எங்களை வெளியே போகச் சொன்னாள். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அண்ணன் அட்டையைத் திருப்பினான்.

காகிதம் வெள்ளையாக இருந்தது.

வெள்ளை என்றால் முழு வெள்ளை அல்ல. சாய்த்துப் பிடித்தால் அங்கங்கே சாம்பல் நிறத்தில் ஒரு முடி விழுந்த மாதிரி ஏதோ தெரிந்தது. எழுத்தென்று ஒன்றுகூட இல்லை. லெட்டில் கடினமானது உண்டு, மிருதுவானது உண்டு. பட்டறைக்காரர்கள் கோடு ஊசியாக விழவேண்டும் என்று இருப்பதிலேயே கடினமானதைப் போடுவார்கள். அழுத்தி எழுதினால்தான் பதியும். அண்ணன் கை அழுத்தியது, பதிந்தது. அம்மாவின் கையில் அழுத்த என்ன இருந்தது? இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவனே அவன்தான். எல்லாம் தெரிந்தவன், அதை மட்டும் மறந்துபோனான்.

“என் பைல புருவம் தீட்டுற பென்சில் இருந்துச்சு” என்றாள் வராந்தாவில் காத்திருந்த அண்ணி, மெதுவாக. யாராவது கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். பென்சில் என்றதும் எல்லோரும் அவனைத்தான் பார்த்தோம்.

அன்று மாலை அவன் கடைக்குப் போனேன். கண் பரிசோதிக்கிற விளக்கின் கீழ் காகிதத்தை வைத்து, மிருதுவான லெட் போட்ட ஒரு மலிவுப் பென்சிலைப் படுக்கவைத்து, மேலாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். அழுத்தி எழுதியிருந்தால் பள்ளம் விழுந்திருக்கும், தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அம்மாவின் கை பள்ளமும் விழச்செய்யவில்லை. காகிதம் மூலைக்கு மூலை கறுத்துக்கொண்டே போனது. தெரியுதா பாப்பா, இங்கே தெரியுதா என்று, வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரலில் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் விளக்கை அணைத்தேன்.

அதன்பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. மயக்க மருந்தைக் குறைக்கவே முடியாது, முடிவை இனித் தள்ளிப்போடவும் முடியாது என்றார் டாக்டர். அவள் எழுதியது வேண்டாம் என்றுதான் இருக்கும், விட்டுவிடலாம் என்றேன் நான். எதை வைத்துச் சொல்கிறாய் என்றான் அண்ணன். அவள் முகத்தை வைத்து என்றேன்.

“என்னைக் காப்பாத்துடான்னு எழுதியிருந்தா? தெரியாம எப்படி விடச் சொல்ற?”

டாக்டரிடம் போய் அவன் சம்மதம் சொன்னான். கழுத்தில் ஓட்டை போட்டார்கள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள், அதைப் பிழைப்பு என்று சொன்னால். காய்ச்சல் இறங்கியது, வாய்க் குழாய் போனது, மெஷின் போகவில்லை, பேச்சும் வரவில்லை. கண் விழித்த முதல் நாள் கையைத் தூக்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். குழாயின் விளிம்பை விரலால் சுற்றித் தடவினாள். பிறகு எங்களைப் பார்த்தாள். எழுதியது எங்களுக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. படித்துவிட்டுத்தான் இப்படிச் செய்தோம் என்று நினைத்திருப்பாள். வேறு எதை நினைப்பாள்?

அண்ணன் குனிந்து, நீ எழுதுனது பதியலம்மா, லெட்டு சரியில்லம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பாழாய்ப்போன பென்சிலைப் பற்றி இப்போதும் பேசுகிறானே என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அதே பென்சிலைக் கொண்டுவந்தான். ஒரிஜினலை உருவி எறிந்துவிட்டு, தொட்டாலே கறுக்கிற புது லெட் போட்டிருந்தான். அதைச் செய்ய அவனுக்கு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பென்சிலை அவள் விரல் நுனிக்கு அருகே நீட்டினான்.

“எழுதும்மா. இப்ப பதியும்.”

அம்மாவின் தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது. நாங்கள் பழக்கப்படி கையைப் பார்த்தோம். அது போர்வையின் மேல் கிடந்தது. அண்ணன் பென்சிலை நீட்டியபடியே நெடுநேரம் நின்றான். கை வரவில்லை.