பிச்சையாவுக்கு எதுவும் வேண்டாம்

பிச்சையாவுக்கு எதுவும் வேண்டாமல் போனதிலிருந்து அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் ஓர் எலி. அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எலிகள் ஆள் உயரத்துக்கு வளர்வது வழக்கம். அதனால் நாற்காலி அளவாகவே இருந்தது.

அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜெசிந்தாவுடையது. எலி மூளையைப் படிப்பதற்காகவே பாளையங்கோட்டையில் இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்தவள்.

"பசிக்குதா?" என்று கேட்டாள்.

"பசிக்குதுக்கா."

"சோறு முன்னாலதான இருக்கு."

"இருக்கு."

"பெறகு ஏன் சாப்பிடல?"

"கை போக மாட்டேங்குது."

ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீரை அவளே ஊட்டிவிட்டாள். பிச்சையா மீசையை நக்கிக்கொண்டான்.

"நல்லா இருக்குக்கா."

"இன்னும் வேணுமா?"

பிச்சையா யோசித்தான். "வேணும்னா எப்படி இருக்கும்?"

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. மண்டைக்குள் ஆசையைக் கிளப்பும் டோபமைன் என்ற ரசாயனம் வற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும். ருசி தெரியும். ஆசை வராது. சோற்றைப் பார்த்தபடியே செத்துப்போவான்.

அவள் இயக்குநர் சங்கரபாண்டியனிடம் போனாள். அவர் மேசையில் ஒரு கறுப்பு விசை இருந்தது. அதை அழுத்திக்கொண்டே பேசுவார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது.

"சார், பிச்சையாவுக்குக் கொஞ்சம் டோபமைன் வேணும்."

"எனக்கே பத்தலம்மா." அழுத்தினார். "சாயங்காலத்துக்குள்ள அவன் எந்திரிக்கலன்னா கதைய முடிச்சிருவோம்." அழுத்தினார்.

"நீங்க சாப்டீங்களா சார்?"

"இதோ." அழுத்தினார். "இதோ."

ஜெசிந்தா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சுவரிலிருந்து ஒரு குழாய் வந்து விசையில் சேர்ந்தது. நிலையத்தின் டோபமைன் முழுவதும் அதில்தான் ஓடி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் குழாயைப் பிடுங்கி ஒரு பாட்டிலில் பிடித்தாள். இயக்குநர் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் ஓடினாள். ஓட ஓட வராந்தா நீண்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கடைசியில் அறைக் கதவுக்குப் பதிலாகப் பிச்சையாவின் இடது காது இருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"கையில என்ன?"

"டோபமைன்."

"அது மூளைக்குள்ள போகாதும்மா. இந்த வாசல்ல விடுறதில்ல."

"அவன் செத்துருவான் அண்ணாச்சி."

வாட்ச்மேன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சட்டையப் போட்டா அது எல்-டோபாங்கிற மருந்து. எல்-டோபாவ விடலாம்."

ஜெசிந்தா துப்பட்டாவைப் பாட்டிலில் சுற்றினாள்.

"இப்ப சரி. உள்ள போனதும் சட்டையக் கழட்டிருங்க, மறுபடி டோபமைனாயிரும்."

உள்ளே கல்யாண மண்டபம் போல ஒரு கூடம். நாற்காலிகளில் அவன் மூளைச் செல்கள் நூற்றுக்கணக்கான ஆட்களாகக் கண்ணைத் திறந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு பெண் மைக்கைப் பிடித்து, "சோறு! சோறு!" என்று கத்திக்கொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது.

"நீங்க யாரு?" என்றாள் ஜெசிந்தா.

"பசிப் பெப்டைடு. பசிக்குதுன்னு மூளைக்குச் சொல்றவ. விடிஞ்சதுலேருந்து கத்துறேன். ஒருத்தனும் எந்திரிக்கல."

"காது கேக்கலையா?"

"கேக்குது. தலைய ஆட்டுறானுங்க."

மேடை ஓரத்தில் நின்ற இன்னொருத்தி வந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஆக்ஸிடோசின், பாசம் காட்டுனா சுரக்குறவ. அவனுக்கு நீ ஊட்டுனப்ப நான் எந்திரிச்சவதான், இன்னும் உக்காரல." கை வெதுவெதுப்பாக இருந்தது.

ஜெசிந்தா துப்பட்டாவை உருவிவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்தாள்.

முதல் வரிசையில் ஒருவன் கழுத்தைத் திருப்பினான். "எனக்கு ஒரு டீ வேணும்" என்றான். அவன் பக்கத்து ஆள், "எனக்கு ஜன்னலோரம் வேணும்" என்றான். பின்வரிசையில் ஒருவன் எதுவென்று சொல்லாமல் வேணும், வேணும் என்று எழுந்தான். கூடம் முழுக்க நாற்காலிகள் சாய்ந்தன. பசிப் பெப்டைடு மைக்கைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் புத்தகத்தில் படித்ததை இப்போது கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாள்.

அவள் காது வழியாக வெளியே வந்தபோது பிச்சையா நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டு காலியானதும் தட்டை நக்கினான்.

இயக்குநர் உள்ளே வந்தார். குழாய் இல்லாத விசை ஒரு கையில், டிபன் பாக்ஸ் மறு கையில்.

"அழுத்துனா ஒண்ணும் வரலயேம்மா" என்றார். காலி நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு எதுவும் தோன்றாமல் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். மெதுவாக மென்றார்.

"எலுமிச்சைச் சாதம். யாரு செஞ்சது?"

"உங்க வீட்லதான் சார்."

"நல்லா இருக்கு" என்றார். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு, "வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

ஜெசிந்தா பதில் சொல்வதற்குள் பிச்சையா வாசலைத் தாண்டியிருந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"எங்கய்யா போற?"

"அந்தப் பக்கம்."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியலக்கா" என்றான். மூச்சு வாங்கியது. மீசை துடித்தது. "அதான் போறேன்."

நடு மத்தியானம். தெருவில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜெசிந்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது அவள் அவனை முந்தினாள்.